பச்சை எலும்பு

"இந்தப் பையன் நமக்கு வேண்டாம்."

சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம்கூடக் காயவில்லை. அதற்குள் சோலையம்மாள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

அவள் புருஷன் வெள்ளைத்துரைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன், பையனுக்கு என்ன? எனக்குக் கேட்டுக் கேட்டுக் கறி வச்சான்."

"ஒங்களுக்குக் கறி வச்சாப் போதும், பொண்ணத் தூக்கிக் குடுத்துருவீக! அங்கன பாருங்க."

சொந்தக்காரர் சங்கிலிமுத்து வீட்டுக் காதுகுத்து. குலசாமி கோயிலில் கிடா வெட்டு. பையன் புகழேந்தி அங்கே பந்தி பரிமாறுவான், அவனுக்குத் தெரியாமல் ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று ஏற்பாடு. ஏழாயிரம்பண்ணையில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறான். அவன் வீட்டிலிருந்துதான் தேடி வந்து பெண் கேட்டிருந்தார்கள். தங்கமான பையன் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அந்தத் தங்கம் இப்போது எச்சில் இலைக் குவியல் பக்கத்தில், கையில் ஒரு வேப்பங்குச்சியோடு, நாய்களை விரட்டிக்கொண்டு நின்றது. விரட்டியதோடு விட்டானா? இலைகளில் கிடந்த எலும்பையெல்லாம் பொறுக்கிச் சாக்கில் போட்டு, வாயைக் கட்டி, வேனுக்குள் வைத்துவிட்டான்.

"பாத்தீகளா? எச்சி எலும்பக்கூட நாய் திங்க விடமாட்டேங்கான். வாயில்லாச் சீவனுக்கு எரங்காதவன் எம்மகளுக்கா எரங்கப் போறான்?"

"அம்மா..." என்று இழுத்தாள் மகள் ஓவியா.

"நீ சும்மா இரு. இதுக்கு முன்னாடி வந்த ரெண்டு பேரையும் பந்தியில வச்சுத்தான் கழிச்சேன். என் கண்ணு தப்பாது."

ஓவியாவின் முகம் சுண்டிப்போனது. பி.காம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். இந்த இடம் என்றதும் அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை அப்பா மட்டும் கவனித்திருந்தார். ஆனால் சோலையம்மாளிடம் அப்பீல் கிடையாது.

மினிபஸ் நிற்கும் இடத்துக்குக் கோயிலின் பின்பக்கமாகப் போக வேண்டும். அங்கே போனதும் சோலையம்மாள் அப்படியே நின்றாள்.

சற்று முன் விரட்டப்பட்ட அதே நாய்கள். தள்ளித் தள்ளிப் படுத்து, ஆளுக்கொரு பெரிய பச்சை எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தன. நடுவில் புகழேந்தி காவல்.

"ஏம்ப்பா, பச்சையாவா போட்டிருக்க? ரத்த ருசி கண்டா ஆளக் கடிக்காதா?"

"அதெல்லாம் சும்மா சொல்றது அத்த."

அத்தையா! ஆனாலும் சோலையம்மாள் விடவில்லை. "அப்ப இலையில கெடந்த எலும்பு என்ன பாவம் பண்ணுச்சு?"

"அது வெந்தது. வெந்த எலும்பு சிலாம்பு சிலாம்பா ஒடஞ்சு தொண்டையில குத்தும், கொடலக் கிழிக்கும். பச்சை எலும்பு அப்பிடி நொறுங்காது. கெடா உரிச்ச உடனே மூட்டு எலும்பா வாங்கி ஐஸ் பெட்டியில வச்சிருந்தேன். இம்புட்டுப் பெருசா இருந்தா அதுகளால முழுங்க முடியாது."

"போட்டுட்டுப் போக வேண்டியதுதான? எதுக்குக் காவல்?"

"ஒண்ணோடத இன்னொண்ணு புடுங்க வந்தா அவசரத்துல முழுங்கப் பாக்கும். கடிச்சுக் கடிச்சுச் சின்னதாயிட்டா நாமளே வாங்கிரணும் அத்த."

சொல்லிக்கொண்டே ஒரு நாயிடம் கறித்துண்டை நீட்டினான். அது எலும்பை விட்டுவிட்டுக் கறிக்கு வந்தது. தேய்ந்துபோன எலும்பை எடுத்துச் சாக்கில் போட்டான். பிறகு முழங்கை வரை சோப்புப் போட்டுக் கை கழுவினான்.

சோலையம்மாளின் குரல் இறங்கிவிட்டது. "இதெல்லாம் எங்கனப்பா கத்துக்கிட்ட?"

புகழேந்தி கொஞ்சம் தயங்கினான். "போன மாசம் ஒரு நாய்க்குக் கோழி எலும்பு தொண்டையில சிக்கிருச்சு. மூச்சு விட முடியல. மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேன். டாக்டர்தான் எடுத்துவிட்டுட்டு இதெல்லாம் சொன்னாக. யாரோ கொழம்பு எலும்பப் போட்டிருக்காக."

"எந்தக் கூறுகெட்டவ போட்டா? அவளுக்கு அறிவு வேண்டாம்?"

"தெரியாமப் போட்டிருப்பாக அத்த. ஆசையாத்தான போட்டிருப்பாக" என்றான், தலையைக் குனிந்துகொண்டே.

மினிபஸ்ஸில் உட்கார்ந்ததும் சோலையம்மாளின் தீர்ப்பு திருத்தி எழுதப்பட்டது.

"ஏங்க, அடுத்த வாரமே பேசி முடிங்க. நாய்க்கே இம்புட்டுப் பாக்கவன் எம்மகளக் கண்ணுக்குள்ள வச்சுப் பாப்பான்."

வெள்ளைத்துரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வாயைத் திறந்தால் சிரித்துவிடுவார்.

"ஆனா அந்தக் கொழம்பு எலும்பு போட்டவ மட்டும் என் கையில கெடைக்கட்டும். நாக்கப் புடுங்குற மாதிரி நாலு கேக்கல..."

"மெதுவாப் பேசும்மா. பஸ்ஸே பாக்குது." ஓவியா அம்மாவின் காதருகே குனிந்தாள். "அந்த நாய் நம்ம தெருச் செவலைதான். போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை நீ வச்ச கோழிக்கொழம்பு எலும்புதான். மறுநாள் காலையில அதுக்குப் போட்டுட்டு நீ வேலைக்குப் போயிட்ட. அது மூச்சுக்குத் தவிக்கத் தவிக்க, ரோட்டுல வந்த அவரு வேன நாந்தான் மறிச்சேன்."

சோலையம்மாளின் வாய் திறந்தபடியே நின்றது. பிறகு மகள் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தாள்.

"போட்டது நாந்தான்னு அவனுக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே சொல்லிட்டேன்மா. 'ஆசையாப் போட்டிருக்காக, தெரிஞ்சா அவுகளுக்குச் சோறு எறங்காது, அம்மாட்ட மட்டும் சொல்லிராத'ன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாரு."