இரண்டுக்கும் ஒரே இறக்கை

புளியம் விளாரை ஓங்கியபடி நின்றான்.

எலுமிச்சைக் கொழுந்தின்மேல் அந்த வண்ணத்துப்பூச்சி படபடத்துக்கொண்டிருந்தது. கறுத்த இறக்கை. நடுவில் வெள்ளை, ஓரத்தில் சிவப்புப் பொட்டுகள்.

அதில் இரண்டு வகை. இறக்கையை வைத்துச் சொல்ல முடியாது. உடம்பு சிவந்திருந்தால் விட்டுவிடலாம். அது கசப்புக்காரி, வேலியில் படரும் ஆடுதீண்டாப்பாளையைத் தேடிப் போகும். குருவிகூடத் தொடாது. உடம்பு கறுத்திருந்தால் எலுமிச்சையில் முட்டை வைக்கும். புழு வந்து கொழுந்தை மொட்டையடித்துவிடும். கண்ட இடத்தில் அடி என்பது முதலாளி உத்தரவு.

பன்னிரண்டு வருஷமாக அடிக்கிறான். கண் தப்பியதில்லை.

போன பருவத்தில், கூலிக்கு வரும் ஆவுடைக்கும் காட்டினான். பழக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

“கசப்பே இல்லாத கழுத, எதுக்கு அவ சேலையக் கட்டிக்கிட்டு அலையுது?”

“குருவி ஏமாந்து ஒதுங்கிப் போயிரும்லா.”

“நீங்க ஏமாற மாட்டியளோ?”

“நம்மகிட்ட நடக்குமா?”

அவள் சிரிக்கவில்லை. கழுத்து மஞ்சள் கயிற்றை விரலில் சுற்றினாள். பிறகு பழம் பொறுக்கப் போய்விட்டாள்.

மூன்று பருவம் இருவருக்கும் அடுத்தடுத்த வரிசை. அவள் தூக்குவாளியைத் திறந்தால் அவன் எழுந்து வேறு நிழலுக்குப் போய்விடுவான்.

அடுத்தவன் பெண்டாட்டி.

இன்று காலை ஆட்கள் வந்த வேனில் அவள் இல்லை. அதிலிருந்து இறங்கிய பிச்சம்மாதான் சொன்னாள்.

“ஞாயித்துக்கெழம அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ள கொத்தனாரு.”

“அப்ப மொதப் புருஷன்?”

“ஏது புருஷன்? அந்தக் கயிறு அவளே கடையில வாங்கிப் போட்டது. தோட்டந்தோட்டமாத் தனியாப் போற பொம்பளையச் சும்மா விடுவானுவளா? கூடவே நின்னு வேல பாத்த, ஒனக்குத் தெரியாதாக்கும்?”

தெரியவில்லை.

கொழுந்து லேசாக அசைந்தது. அது வயிற்றை வளைத்து முட்டை வைக்கத் தொடங்கியிருந்தது. கன்னங்கரிய உடம்பு.

வரப்பிலிருந்து முதலாளி சத்தம் கொடுத்தார்.

“என்னலே, கைய ஓங்கிட்டு நிக்க? அடி.”

விளாரைத் தாழ்த்தினான்.

“இல்ல மொதலாளி. இது செவப்பு.”