துணியின் மறுமுனை

கேமரா சாமான் கடையின் வெள்ளை விளக்கொளியில், சேர்ந்தே படம்பிடித்துப் பிழைக்கிற கணவனும் மனைவியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இருவரும் இழுக்கிற இழுப்பில் நடுவே சாம்பல் நிறப் பின்னணித் துணி விறைத்து நிற்கிறது. ஒரு குடும்பத்தையே அதன் முன்னால் உட்காரவைத்துவிடலாம். அவள் ஓரத்தைக் கைக்குள் கசக்கி, இறுக்கிப் பிடித்து, பிறகு விரித்துப் பார்க்கிறாள். சுருக்கம் அப்படியே இருக்கிறது. “வீடியோவுல இது பல்லை இளிக்கும்” என்கிறாள். “உன் மூஞ்சிய விடவா?” என்கிறான் அவன், கடைக்காரருக்குக் கேட்கும்படியாக. கடைக்காரர் சிரிக்கலாமா என்று யோசித்துவிட்டு, அளவு நாடாவைச் சுருட்டத் தொடங்குகிறார். அவள் கடைக்காரர் பக்கம் திரும்புகிறாள். “அண்ணே, ஒரே ஆளு தூக்கிட்டுப் போய் வைக்கிற மாதிரி இருக்கா?”

கடைக்காரர் வட்டப் பை ஒன்றைத் திறக்கிறார். உள்ளே மடங்கிக் கிடந்த நீலத் துணி, விளிம்புக் கம்பி துள்ள, படாரென்று ஆளுயரத்துக்கு விரிகிறது. ஒருவர் மட்டும் உட்காரும் அகலம். “கல்யாண ஆர்டரை எல்லாம் இதுல எப்படி எடுக்கிறதாம்?” அவன் குரல் கடை முழுக்க ஏறுகிறது. “பெரிய துணிக்கு அந்த முனைய யாரு பிடிப்பா?”

“அது உங்க பாடு. இது எனக்கு மட்டும்.”

அவள் தன் முனையை விடுகிறாள். நீலத் துணியின் கம்பியை முறுக்கி, வளையமாக மடக்கி, பைக்குள் திணித்துத் தோளில் மாட்டிக்கொள்கிறாள். அவன் மட்டும் தன் முனையைத் தோளுயரத்துக்குத் தூக்கிப் பிடித்தபடியே நிற்கிறான். தரையில் கிடக்கும் மறுபாதியை மிதித்துவிடாமல் சுற்றிக்கொண்டு போய், கடைக்காரர் அவளுக்குப் பில் போடுகிறார்.