இடுக்கு வேலை

“பாத்துப்பா, கறுப்பைச் சுரண்டுறேன்னு என் டைல்ஸைப் பேத்துடப் போறே.”

மாடிக் குளியலறை வாசலில் நின்று சொன்னாள் வீட்டுக்காரம்மா. படியேறினால் அவளுக்கு மூட்டுவலி வரும்; வேடிக்கை பார்க்க ஏறும்போது மட்டும் வராது. முந்தாநாள் ஒரு டீச்சர் குடிவந்திருந்தாள்; அவள் புருஷனை வீட்டுக்காரம்மா இன்னும் பார்த்ததில்லை. டீச்சர்தான், டைல்ஸ் இடுக்கெல்லாம் அழுக்கேறிக் கிடக்கிறது, சரிசெய்துகொள்ளட்டுமா என்று கேட்டிருந்தாள். அதற்குள் ஆளும் வந்துவிட்டான் போல.

அழுக்கு லுங்கியில் மண்டியிட்டிருந்தவன் நிமிராமல், “கீறல் விழாதும்மா” என்றான்.

விழவும் இல்லை. வளைந்த கம்பியால் பழைய பூச்சை அணு அணுவாக நோண்டினான். டூத்பிரஷால் தேய்த்து, ஊதி, ஈரத்தை ஒற்றியெடுத்தான். புது வெள்ளைப் பூச்சை விரலால் அழுத்தி அடைத்து, வழிந்ததைப் பஞ்சால் துடைத்தான். பளிச்சென்று ஒரு கோடு ஓடியது. குறை சொல்லவென்றே வந்த வாய் அடைத்துப் போனது. ஒரு நிமிடந்தான்.

முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வீங்கிய கன்னத்தைத் தாங்கியபடி கதையை ஆரம்பித்தாள். ஒரு மாதமாகக் கடைவாய்ப் பல் உயிரை எடுக்கிறதாம். வீட்டுக்காரர் மூன்று தடவை டாக்டரிடம் நேரம் வாங்கினாராம். மூன்று தடவையும் இவள் டிமிக்கி கொடுத்துவிட்டாளாம். நாளைக்கு நாலாவது. இனியும் தள்ளிப்போட்டால் தாடையே சீழ் பிடித்துவிடும் என்று மருந்துக்கடைக்காரர் வேறு மிரட்டியிருக்கிறார்.

“அப்ப போக வேண்டியதுதானேம்மா?”

“கடைத்தெருவுல புதுசா வந்திருக்கானே, அவன்கிட்டயா? ஒரு பல்லைக் காட்டினா மூணைப் பிடுங்குறானாம்.”

“யாரு சொன்னாங்க?”

“நாலு பேரு சொல்றாங்க.”

அந்த நாலு பேரும் அவள்தான்.

“உன் கையைப் பாரு, பூ மாதிரி வேலை செய்யுது. இந்தக் கை அவனுக்கு இருந்தா நான் ஏன் பயப்படுறேன்?”

அவனுக்கு இருமல் வந்துவிட்டது. இருபத்துநாலு மணி நேரத்துக்கு இதில் தண்ணீர் படக்கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த இடுக்குக்கு நகர்ந்தான்.

மறுநாள் வீட்டுக்காரர் கையோடு இழுத்துப் போனார். நாற்காலியில் சாய்ந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தெரு முழுக்கக் கேட்கும் அந்த வாய், திறக்கவே மாட்டேன் என்றது.

“தைரியமா திறங்கம்மா,” என்றது தலைமாட்டில் ஒரு குரல். “டைல்ஸ்லயே கீறல் விழலையே.”