சொன்னது சொன்னபடி

"இந்தப் படத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன் மேடம்" என்றார் தன்சீல் அகமது, பேராசிரியை இவாஞ்சலின் பக்கம் குனிந்து.

இவாஞ்சலினுக்குத் திக்கென்றது. திரையில் படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வேலூர்க் கல்லூரியில் அவர் தலைமையில் நடக்கும் திரைப்படத் துறையில் எம்.ஏ. படிக்கும் பூர்ணிமா எடுத்த படம். ஆம்பூர் ஷூ கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் தைக்கிற இரண்டு பெண்களைப் பற்றியது. வெளியிலிருந்து வந்திருக்கும் தேர்வாளர் தன்சீல். அவர் கையெழுத்து இல்லாவிட்டால் பூர்ணிமாவுக்குப் பட்டம் இல்லை.

"படம் நல்லாத்தானே சார் இருக்கு?"

"படத்துக்கு இன்னா, பிரமாதம். சப்டைட்டில்தான் பொய். அந்தம்மா உருதுல சொல்றது ஒண்ணு, கீழ தமிழ்ல வர்றது நேர் எதிர். வாணியம்பாடிக்காரன் மேடம் நான், வீட்ல உருதுதான். என் காதுலயே பூ சுத்துறா உங்க ஸ்டூடண்ட்."

திரையில் மதியச் சாப்பாட்டு நேரம். அம்சவேணி கொண்டுவந்த குழம்புச் சோற்றை ஒரு வாய் போட்டுக்கொண்ட மஹ்பூபி, கேமராவைப் பார்த்து உருதுவில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். 'எங்க அம்சவேணி குழம்பு மாதிரி இந்த ஜில்லாவுலயே கெடையாது' என்று கீழே எழுத்து ஓடியது. பக்கத்தில் அம்சவேணி, தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

இவாஞ்சலினுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. துறையின் விதிகளை எழுதியவரே அவர்தான். பெற்ற பிள்ளையே அவரிடம் படிக்கப் பயந்து கோயம்புத்தூருக்கு ஓடிவிட்டான் என்று மாணவர்கள் கேலி பேசுவார்கள். வேற்றுமொழிப் பேச்சுக்கு, சொன்னது சொன்னபடி தமிழில் சப்டைட்டில் போட வேண்டும். மாற்றினால் படம் தள்ளுபடி. படத்தில் வருகிறவர்களை அழைத்துவந்து முதல் வரிசையில் உட்காரவைத்துத்தான் திரையிட வேண்டும். ஏழைபாழைகளை ஏமாற்றி யாரும் படமெடுத்துவிடக் கூடாது என்றுதான் இரண்டு விதியையும் போட்டிருந்தார்.

விளக்கு எரிந்ததும் பூர்ணிமா மேடைக்கு வந்தாள். தன்சீல் மைக்கைப் பிடித்தார்.

"உனக்கு உருது தெரியுமாம்மா?"

"தெரியும் சார். எங்க தெருவுல முக்கால்வாசி அந்தப் பேச்சுதான்."

"அப்போ குழம்பு சீன்ல அந்தம்மா இன்னா சொன்னாங்க? எல்லாருக்கும் கேக்கற மாதிரி தமிழ்ல சொல்லு."

பூர்ணிமா தலையை ஆட்டி மறுத்தாள்.

"சொல்லு பூர்ணிமா" என்று அதட்டினார் இவாஞ்சலின். "விதி தெரியுமில்ல? படத்தைத் தள்ளுபடி பண்ணிட்டா ஒரு வருஷம் வீணாப் போய்டும்."

அவள் கண் முதல் வரிசைக்குப் போய்விட்டுத் திரும்பியது.

"தள்ளுபடி பண்ணிடுங்க மேடம்."

என்ன திமிர் என்று இவாஞ்சலினுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தன்சீல் மட்டும் அவள் பார்வை போன திசையைப் பார்த்தார். திரையில் வந்த அதே இரண்டு பெண்கள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். மஹ்பூபி துப்பட்டா நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு தலை குனிந்திருந்தாள். அம்சவேணி அவள் கையைப் பிடித்திருந்தாள்.

தன்சீல் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"எனக்குத்தான் சரியா காதுல விழல. சப்டைட்டில் கரெக்டா இருக்கு" என்று மைக்கில் சொல்லிவிட்டு, மடமடவென்று கையெழுத்துப் போட்டார்.

கூட்டம் கலைந்ததும் இவாஞ்சலின் அவரைப் பிடித்துக்கொண்டார். "இன்னா சார் இது? நேர் எதிர்னு நீங்கதானே சொன்னீங்க?"

"எதிர்தான் மேடம். அந்தம்மா சொன்னது இதுதான்: 'இவ குழம்பு வாய்ல வெக்க வெளங்காது. புருஷன் போனதுலேர்ந்து இவ தனக்குன்னு அடுப்பே பத்த வெக்கிறதில்ல. நல்லா இருக்கு, நாளைக்கும் கொண்டான்னு நான் சொன்னாத்தான் சமைப்பா. சமைச்சாத்தான் இவளும் ஒரு வாய் சாப்பிடுவா.' உருது தெரியாத அம்சவேணி, முன்னால உக்காந்து தமிழ் எழுத்தைப் படிப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல மேடம். அந்தப் பொண்ணுக்குத் தோணியிருக்கு."

"அந்த சீனையே வெட்டியிருக்கலாமே?"

"அதை முழுங்கிட்டு சிரிக்கிற முகமும் சேர்ந்து போய்டுமே. படமே அந்த முகம்தானே மேடம்."

இவாஞ்சலினுக்குக் கண் கலங்கிவிட்டது. தான் போட்ட விதியை மீறிய ஒரு பிள்ளையை நினைத்து இவ்வளவு பெருமைப்படுவோம் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை.

அப்போது கதவோரம் நிழலாடியது. அம்சவேணி மட்டும் திரும்பி வந்திருந்தாள்.

"மேடம், பூர்ணிமா பாப்பாவுக்கு மார்க்கை கம்மி பண்ணிடாதீங்க. என் மனசு நோகக் கூடாதுன்னுதான் அது மாத்தி எழுதுச்சி."

இவாஞ்சலின் திடுக்கிட்டார். "மாத்தி எழுதினது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இத்தினி வருஷமா பக்கத்து மிஷின்ல உக்காந்திருக்கேன், உருது வராம போய்டுமா?" அம்சவேணி வெளியே ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எனக்குப் புரியும்னு மஹ்பூபி அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அதுக்கு சுகர் ஜாஸ்தி. நான் சோறு கொண்டுட்டுப் போகலைன்னா, வெறும் டீயைக் குடிச்சிட்டு மாத்திரையைப் போட்டுக்கும்."