சூரியன் முகத்தில் ஒரு புள்ளி

படங்களைக் கணினியில் ஏற்றியதும் அவளுக்குப் பகீர் என்றது.

எல்லாவற்றிலும் சூரியன் இருந்தது. வட்டமாக, ஆரஞ்சு நிறத்தில், துடைத்து வைத்த தட்டு மாதிரி. அதன் குறுக்கே போக வேண்டிய வெள்ளிக் கிரகத்தை மட்டும் காணோம்.

இன்றைக்கு விட்டால், வெள்ளி இப்படிச் சூரியனைக் கடப்பது இனி நூறு வருடத்துக்கு மேல் கழித்துத்தான். எட்டு வருடத்துக்கு முன்பு, போன தடவையும் அவள் வீட்டுக்காரர் கோட்டை விட்டிருந்தார்; யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ போட்டோ எடுக்கப் போய்விட்டார். அன்றிலிருந்து காத்துக்கிடந்த மனுஷன், இன்று விடியும் முன்பே மொட்டைமாடி ஏறினார்.

தூறலில் கேமரா நனையாமல் அவள் பக்கத்திலேயே குடை பிடித்து நின்றாள். பாஸ்போர்ட் படத்துக்கு யாரோ வந்து கீழே அவர்கள் ஸ்டூடியோ மணியை அடிக்க, இறங்கினாள். மேகத்துக்கும் அப்போதுதான் விலக நேரம் கிடைத்தது.

"கிடைச்சிடுச்சு!" என்று கத்திக்கொண்டே இறங்கி வந்தவர், சோபாவில் சாய்ந்தார். சாய்ந்ததுதான் தெரியும், தூங்கிப்போனார்.

மேகம் விலகுவதற்குள் வெள்ளி கடந்து போய்விட்டிருக்கிறது. பாவம், அவருக்குத் தெரியவில்லை. மூக்குக்கண்ணாடி இங்கே மேசைமேல் கிடக்கிறது. கேமராவின் குட்டித் திரையில் என்ன தெரிந்திருக்கும்?

ஊரார் முகத்திலிருந்து பரு, மரு, தழும்பு எல்லாவற்றையும் அழித்துக் கொடுப்பதுதான் அவள் வேலை. இன்று முதல்முறையாக ஒரு முகத்தில் புள்ளி வைத்தாள். சின்னதாக, கருப்பாக, நட்டநடுவில். திருட்டுத்தனம்தான். மனசு கேட்கவில்லை.

"நடுவுல இருக்காது. இன்னும் ஓரமா போயிருக்கும்."

அவர் பின்னால் நின்றிருந்தார்.

அவள் சட்டென்று திரும்பினாள். "தெரிஞ்சுமா கிடைச்சிடுச்சுன்னு சொன்னீங்க?"

"காலைலேர்ந்து கால் கடுக்கக் குடை பிடிச்சவகிட்ட வேற என்னத்தச் சொல்றது?"

மவுஸ் மேலிருந்த அவள் கைமேல் தன் கையை வைத்தார். புள்ளி நகர்ந்தது. அவசரமே இல்லாமல், சூரியனின் மேல் மெல்ல மெல்ல. தெருவில் போகும் வண்டிச் சத்தம்கூட எங்கோ தூக்கத்தில் கேட்பதுபோல் இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

புள்ளி ஓரத்தைத் தொட்டது. விட மனசில்லாததுபோல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நின்றது. பிறகு இருட்டோடு இருட்டாகக் கலந்துவிட்டது.

மாற்றத்தைச் சேமிக்கவா என்று கணினி கேட்டது.

"வேண்டாம்," என்றார் அவர். "அதான் பார்த்துட்டோமே."