பத்தொன்பது சவப்பெட்டிகள்

இரண்டாம் மாடிப் படியில் கால் வைத்தபோதே நகுலேஸ்வரனுக்கு ஒப்பாரி கேட்டது.

பிரெஞ்சு நாட்டில், லாசாலின் அந்தக் கட்டடத்தில் ஒப்பாரி சொல்லத் தெரிந்தவள் ஒருத்திதான். அவருடைய மனைவி கமலாவதி.

“என்ரை ராசா... என்னை விட்டிட்டுப் போனியோ...”

போச்சு, எல்லாம் போச்சு! கடிதம் அகப்பட்டுவிட்டது.

யாழ்ப்பாணத்தில் ஷெல் விழுந்து மகன் இரவிச்சந்திரன் செத்துப்போனான் என்று மச்சான் எழுதிய கடிதம் அது. தைப்பொங்கலுக்கு முதல் நாள் வந்தது. அதைத் தன் குளிர் கோட்டின் உள்துணிக்குள் வைத்துத் தைத்திருந்தார். பனி விட்டதும் கோட்டு அலுமாரிக்குப் போயிருந்தது.

கமலாவதிக்குப் பிரஷர். அதிர்ச்சியான சேதி எதுவும் காதில் விழக் கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மகன் போனான், இவளையும் விடவா? முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று நாலு மாதமாக நகுலேஸ்வரன் ஒரு சொட்டு அழவில்லை. கடிதம் வந்ததோ என்று கேட்டால், தபால் ஒழுங்கில்லை என்று புளுகிச் சமாளித்தார்.

கொஞ்ச நாளாக அவளும் கேட்பதை விட்டிருந்தாள். நல்லூரான் காப்பாற்றினான் என்று அவர் நினைத்திருந்தார்.

படிகளை இரண்டிரண்டாகத் தாவினார். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே விழுந்தார்.

கமலாவதி தலையை விரித்துப்போட்டுக்கொண்டு, தொலைக்காட்சிக்கு முன்னால் மாரில் அடித்துக்கொண்டிருந்தாள். கையில் கடிதம் இல்லை.

திரையில் தென்னை மரங்கள். வரிசையாகப் பத்தொன்பது சவப்பெட்டிகள். கறுத்த பெண்கள் கதறிக்கொண்டு நின்றார்கள்.

அவர் கோப்பை கழுவும் உணவகத்தில் மூன்று நாளாக இதே கதைதான். பசிபிக் கடலில் நியூ கலிடோனியா என்று, பிரெஞ்சுக்காரன் இன்னும் விடாமல் பிடித்து வைத்திருக்கும் நாடு. அதில் ஒரு சின்னத் தீவு. விடுதலை கேட்ட பெடியன்கள் பொலிஸ்காரர்களைப் பிடித்துக் குகைக்குள் வைத்திருந்தார்கள். பிரெஞ்சு இராணுவம் புகுந்து பத்தொன்பது பேரைக் கொன்றுபோட்டது.

அப்பாடா! இவள் அதை எங்கள் ஊர் என்றல்லவா நினைத்துவிட்டாள்!

நகுலேஸ்வரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்புக்கூட வந்தது, பாவி மனிதருக்கு.

“இஞ்சை பாரும் கமலா, அது எங்கட ஊரில்லையப்பா. வேற ஆற்றையோ பிள்ளையள்.”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“தெரியும். மூண்டு நாளாய்ப் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். எங்கட இரவி செத்துப்போனானெண்டு தங்கச்சி மாசியிலயே எழுதிப்போட்டாள். உங்கட நெஞ்சு தாங்காதெண்டு பொத்தி வைச்சிருந்தன். இந்தப் பெட்டியளைக் கண்டதும் ஏலாமப் போச்சப்பா.”

நகுலேஸ்வரன் அப்படியே தரையில் குந்திவிட்டார். நாலு மாத அழுகையும் ஒன்றாகக் கிளம்பி வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. வாய்விட்டுக் கதறினார்.

கமலாவதி பதறிப்போனாள். “ஐயோ, சொல்லிப்போட்டனே!” என்று தன் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்து அவர் நெஞ்சைத் தடவிவிட்டாள்.

தனக்கு முன்பே தெரியும் என்று அவர் வாய் திறக்கவில்லை.