அடுத்தவர் பாரத்துக்கும் ஓர் அளவு

“எல்லாரும் பாரத்தை முருகன் மேலயே போட்டா, அவருக்கு முதுகு வலிக்காதாம்மா?” என்று வள்ளிக்கண்ணுவின் மகள் சிறுவயதில் ஒருநாள் கேட்டாள். அன்று சிரித்து மழுப்பிய வள்ளிக்கண்ணுவுக்கு, சென்ற ஆண்டு பழனிக்கு நடந்தபோதுதான் பதில் கிடைத்தது. நத்தம் தாண்டி இடுப்பு விட்டுப்போய், திரும்பிவிடலாம் என்று அவள் கண்ணீரோடு நின்ற நேரத்தில், முதுகுப் பை பஞ்சாக லேசானது. கூட்டத்தில் யாரோ தன் பையின் வாரை அழுத்தி, அவள் சுமையை வாங்கிக்கொண்டிருந்தார். பாதயாத்திரைப் பைகள் அப்படித்தான்: வாரை அழுத்தினால், பக்கத்தில் தவிப்பவரின் கனம் அழுத்தியவர் பைக்கு மாறிவிடும்; வாங்கியவர் யாரென்று எந்தப் பையும் சொல்லாது.

இந்தத் தைப்பூசத்துக்கு முன் காரைக்குடியில் ஜமால் பாயின் பைக்கடைக்குப் போனாள்.

“ரெண்டு சேலைக்கு எதுக்கு இம்புட்டுப் பெரிய பை? மலையையே தூக்கிட்டு வரப் போறீகளாக்கா?”

“அடுத்தவுக பாரத்தையும் சேத்து அளவு பாருங்க பாய். போன வருசம் மாதிரி இடுப்பு விட்டுப்போனா யாருக்கும் உதவ மாட்டேன்.”

பாய் கேலியை நிறுத்தினார். பைக்குள் மணல்மூட்டையை வைத்து, முதுகை அளந்து, இடுப்பு வாரை இறுக்கினார். தோளை இழுத்த கனம் இடுப்பில் வந்து உட்கார்ந்தது.

“நடங்க. வலிச்சா வெக்கப்படாமச் சொல்லுங்க.”

வலிக்கவில்லை.

ஒட்டன்சத்திரத்துக்கு முன்னால், விடிகாலைப் பனியில், கைக்குழந்தையோடு ஒருத்தி பை அழுத்த எழ முடியாமல் சாலையோரம் உட்கார்ந்திருந்தாள். வள்ளிக்கண்ணு தன் பையின் வாரை அழுத்தினாள். அந்தக் கனம் மெல்லத் தன் பையில் வந்து இறங்கியது, இடுப்பு தாங்கியது. அந்தப் பெண் திகைத்து எழுந்து, சுற்றுமுற்றும் பார்த்தாள்.

வள்ளிக்கண்ணு முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக அவளைக் கடந்து நடந்தாள்.